கல்லிடம் சொன்னது

டிசம்பர் 12, வெள்ளி

மௌனமாக இருந்தது போதும். பதினோரு வருடம் பொறுத்துவிட்டேன். இன்று தொடங்கி நடப்பதையெல்லாம் தேதி போட்டு இந்த நோட்டில் எழுதப்போகிறேன். பயணம் முடிந்து வந்ததும் நகல் எடுத்து, என் மனைவி வழிச் சொந்தத்தில் எந்தெந்த வீட்டில் என்னை முசுடு என்று பேசிக்கொள்கிறார்களோ அந்தந்த வீட்டுக்கு ஒன்று அனுப்புவேன். கீழே முழுப் பெயர், பட்டங்கள், கையெழுத்து எல்லாம் இருக்கும். ஒளித்து வைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

முதலில் விவரம். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடமாக நிலவியல் கற்பிக்கிறேன். என் மனைவி தமயந்தி. அவள் தங்கை சுகந்தி. சுகந்தியின் கணவர் அர்த்தநாரி திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறார். அந்த முறையில் எனக்குச் சகலை. அந்தச் சொல்லை இதற்குமேல் இந்த நோட்டில் எழுதுவதாக இல்லை. 'அந்த மனிதர்' போதும்.

எங்களுக்குள் பேச்சு நின்றது அவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில். அழைப்பிதழின் அடியில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று ஒரு பட்டியல். அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு பி.ஏ., பி.எல். மாட்டு டாக்டருக்கு பி.வி.எஸ்ஸி. பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருடம் தேறாதவனுக்குக்கூட டி.எம்.இ. நடுவில் என் பெயர், ரேஷன் கார்டில் இருப்பதுபோல மொட்டையாக. எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பிஎச்.டி. என்று மூன்றையும் வாங்க எனக்குப் பதினாறு வருடம் ஆயிற்று. நான் பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தேன். சாம்பார் வாசனை பேருந்து நிலையம் வரைக்கும் வந்தது.

அதற்கு முந்தைய வருடத்துக் கதை ஒன்றும் உண்டு. நான் கருவி வைத்து அளந்து குறித்துக் கொடுத்த இடத்தில் அவர் எண்ணூறு அடி துளை போட்டார். புழுதிதான் வந்தது. பிறகு யாரோ ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து காட்டிய இடத்தில் இருநூற்றிருபது அடியில் தண்ணீர். ஒரு காதுகுத்து வீட்டில் அந்த மனிதர் சொன்னார்: "நம்ம சகலை கல்லப் பாத்தா வயசு சொல்லிருவாரு. தண்ணி எங்கன்னு கேட்டா மட்டும் தேங்காயத்தான் கூப்புடோணும்." நாற்பது பேர் சிரித்தார்கள். தமயந்தியைச் சேர்த்தால் நாற்பத்தொன்று.

இப்போது எதற்கு இதெல்லாம் என்றால், எங்கள் ஒரே மகள் நித்திலாவுக்குத் தையில் கல்யாணம். பெங்களூரிலிருந்து போனில் சொல்கிறாள்: "சித்தப்பா பேர் இல்லாம பத்திரிகை அடிக்காதீங்கப்பா. அவர் பந்தல்ல நிக்கலைன்னா நான் மணையில உக்கார மாட்டேன்." அவளுக்குப் பேச்சு வரும் முன்பே அவரைப் பார்த்தால் தாவிப் போவாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். நான் கற்றுக்கொடுத்திருப்பேன். எனக்கு ஓட்டத் தெரியாது.

அச்சகத்துக்கு இருபத்தாறாம் தேதிக்குள் வாசகம் போயாக வேண்டும். பெயரைப் போடுவது பெரிய காரியமில்லை. தாம்பூலத் தட்டோடு வீட்டுக்குப் போய் வாயால் அழைத்தால்தான் நெருங்கிய சொந்தம் கல்யாணத்துக்கு வரும். சிக்கல் வாயில்தான். முதலில் வாயைத் திறப்பவர் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவர் ஆகிறார். இது எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு நித்திலா கண்ட வழி, நான்கு ரயில் டிக்கெட். இரண்டு அக்கா தங்கைகளும் இரண்டு கணவர்களும். பஸ்தர் காட்டில், காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. பூமிக்கடியில் சுண்ணாம்புக் குகைகள் உள்ள இடம். "அப்பா வாழ்க்கை முழுக்கப் பாடம் எடுக்கிற குகை" என்று வேறு சொல்கிறாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

தமயந்தி நான்கு பேருக்குப் புளிசாதம் கட்டினாள். மூன்று பேருக்குப் போதும் என்றேன். "நீங்க சாப்பிடப்போறதில்லையா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 15, திங்கள்

விசாகப்பட்டினம் போகும் ரயில். எதிரெதிர் இருக்கை. முழங்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண். பேச்சுவார்த்தை முறையாக நடந்தது. நான் தமயந்தியிடம் காலை மடக்கச் சொல் என்பேன், அவள் சுகந்தியிடம் சொல்வாள், சுகந்தி அவரிடம் சொல்வாள், அதற்குள் அவர் மடக்கியிருப்பார். அவர் சுகந்தியிடம் மாமாவுக்கு ஜன்னல் ஓரம் வேண்டுமா கேள் என்பார். வேண்டாம் என்று நான் தமயந்தியிடம் சொல்வேன். வேண்டும்தான்.

காட்பாடி தாண்டி பெண்கள் இருவரும் முகம் கழுவப் போன நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட் அந்த மனிதரின் போனில் இருந்தது. போன் அணைந்திருந்தது. சார்ஜர் என் பையில் இருந்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்களா?" என்று பரிசோதகர் கேட்டார்.

இல்லை என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

"ஒரே டிக்கெட்டுல நாலு பேர் இருக்கீங்களே?"

அது என் மகள் செய்த வேலை என்று விளக்கினேன். அந்த மனிதர் மிகவும் பணிவாக, "ஏனுங் சார், அவருகிட்ட சார்ஜர் இருக்குது. நீங்களே கேட்டு வாங்கிக் குடுத்தீங்கன்னா தேவலைங்" என்றார். பரிசோதகர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வழக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங். சகலைங்க."

"ஓ, சகலையா." பரிசோதகர் கையை நீட்டி என்னிடம் சார்ஜரை வாங்கி அந்த மனிதரிடம் கொடுத்தார். "எனக்கும் ஒருத்தர் இருக்கார்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, டிக்கெட்டைப் பார்க்காமலே அடுத்த பெட்டிக்குப் போனார்.

டிசம்பர் 16, செவ்வாய்

விசாகப்பட்டினம். கடல். குறிப்பிட ஒன்றுமில்லை. அந்த மனிதர் மூன்று பேருக்கு இளநீர் வாங்கினார், பிறகு தனக்கு வேண்டாம் என்று தன்னுடையதை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வீணாகக் கூடாதே என்பதற்காகக் குடித்தேன்.

டிசம்பர் 17, புதன்

ஜக்தல்பூர் போகும் மலை ரயில். வழியில் ஐம்பத்தெட்டுச் சுரங்கங்கள் என்று சுகந்தி போனில் பார்த்து வாசித்தாள். எனக்குத் தூக்கம் வந்தது. சுரங்கம் வரும்போதெல்லாம் தூக்கம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தூங்கினேன்.

தூங்க விட்டால்தானே. ஒவ்வொரு சுரங்கத்திலும் அந்த மனிதர் டார்ச்சைப் போட்டுச் செருப்பைத் தேடினார். நெற்றியில் கட்டிக்கொள்ளும் பெரிய டார்ச், ரிக் வேலைக்கு வைத்திருப்பது. பெட்டி முழுக்க வெளிச்சம். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. சுரங்கம் முடிந்ததும் அணைத்துவிடுவார், அடுத்ததில் மறுபடி தேடுவார். பன்னிரண்டாவது சுரங்கத்தில் சுகந்தி, "செருப்புக்கு என்ன கேடு?" என்று கேட்டாள். "காணோம் போல இருந்துச்சு" என்றார். ஐம்பத்தெட்டு முறை ஒருவருக்குச் செருப்பு காணாமல் போகுமா? ஒருவகை ஞாபகமறதி நோய் என்று நினைக்கிறேன். வயது ஐம்பத்திரண்டுதான்.

தமயந்தி மட்டும் ஒரு தடவை என் கையைக் கம்பியிலிருந்து விலக்கித் துடைத்துவிட்டாள். கம்பி வியர்த்திருந்ததாம். கம்பி வியர்க்காது.

டிசம்பர் 18, வியாழன்

தீரத்கர் அருவி. பாறை அடுக்குகளைப் பற்றி நான் தமயந்திக்குச் சற்று உரக்க விளக்கினேன். அந்த மனிதர் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் குரலைத் தாழ்த்தியபோது ஆறடி தூரத்துக்கு வந்திருந்தார்.

நாளை குகை.

டிசம்பர் 19, வெள்ளி, காலை

நான் போகாமல் இருப்பது நல்லது என்று தோன்றுகிறது. காரணங்கள் பல. காலணியின் அடிப்பாகம் தேய்ந்திருக்கிறது. வௌவால் எச்சம் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு துறை அறிஞர் சுற்றுலாப் பயணிகளோடு வரிசையில் நிற்பதும் அழகில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், நகல் எடுக்கும்போது இந்தப் பத்தியை விட்டுவிடலாம். இன்று பார்க்கப்போவது குட்டும்சர் குகை. "குட்டும்சர் குகைக்கு நான் போயிருந்தபோது" என்று வகுப்பில் தொடங்குவது என் வழக்கம். இருபத்தாறு தொகுதி மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் போயிருந்தது அந்தப் பாடத்துக்குள். வேறு எந்தக் குகைக்குள்ளும் போனதில்லை. மூன்று முறை மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் செல்லும் பொறுப்பு வந்தது. மூன்று முறையும் எனக்குக் காய்ச்சல். எங்கள் கல்லூரி லிப்டில்கூட நான் ஏறுவதில்லை. உடற்பயிற்சிக்காக.

தமயந்தி கதவைத் தட்டுகிறாள். ஜீப் வந்துவிட்டது.

டிசம்பர் 19, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குகை வாசல் நித்திலா காட்டிய படங்களில் பெரிதாக இருந்தது. நேரில் அது பாறையில் ஒரு கீறல். உள்ளே இரும்புப் படிகள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. வழிகாட்டி சுக்மதி என்ற பெண், முப்பது வயது இருக்கும், கையில் பெரிய விளக்கு. எங்கள் ஜீப்பில் ராய்ப்பூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதியும் இருந்தார்கள்.

தமயந்தி படியைப் பார்த்ததும் முட்டி வலிக்கிறது என்றாள். அக்காவுக்குத் துணைக்கு நான் இருக்கிறேன் என்று சுகந்தி உட்கார்ந்துவிட்டாள். தமயந்திக்கு முட்டி வலி இருப்பதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். கையில் கடலைப் பொட்டலம்கூடத் தயாராக இருந்தது.

ஆகவே வரிசை இப்படி: சுக்மதி, புது ஜோடி, நான், எனக்குப் பின்னால் அந்த மனிதர். சுக்மதி தலைகளை எண்ணிவிட்டு, நீங்கள் இருவரும் அண்ணன் தம்பியா என்று இந்தியில் கேட்டாள். இருவரும் பாறையைப் பார்த்தோம்.

பன்னிரண்டாவது படியில் பாறை இரண்டு தோளிலும் உரசியது. என் காலணி ஈர இரும்பில் பிடிக்கவில்லை, அதனால் நின்றேன். சுக்மதியின் விளக்கு வளைவில் திரும்பியது, சுவரில் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது, பிறகு அதுவும் இல்லை. புது ஜோடியின் சிரிப்பு கீழே கீழே போயிற்று. நான் காலணி பிடிப்பதற்காகக் காத்திருந்தேன். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்ததால் நெற்றியில் வடிந்ததைத் துடைக்க முடியவில்லை. மேலே போகலாம் என்றால் பின்னால் அந்த மனிதர். வழி விடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பதினோரு வருடம் போயிற்று. மூச்சு விடுவது எனக்கு எப்போதும் தானாக நடக்கும் காரியம். அங்கே ஒவ்வொன்றையும் நானே விட வேண்டியிருந்தது.

ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். பின்னாலிருந்து டார்ச் எரிந்தது. வெளிச்சம் என்மேல் விழவில்லை, என் முகத்துக்குப் பக்கத்துப் பாறையில் விழுந்தது. அந்த மனிதர் அந்தப் பாறையிடம் பேச ஆரம்பித்தார்.

"ஏனுங் கல்லு. உங்ககிட்டத்தான் பேசறனுங், வேற யாருகிட்டயும் இல்ல. முன்னால நிக்கறவருக்கு ஒரு சேதி சொல்லோணும். இன்னும் ஒம்போது படிதான். அதுக்கப்புறம் கல்யாண மண்டபமாட்டம் அகலம். அந்தப் புள்ளையோட வெளிச்சம் எனக்குத் தெரியுது."

கல் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். "நீங்க எத்தன வருசமா இங்க இருக்கறீங்? ஒரு ஆயிரம் இருக்குமா?"

ஆயிரம். நான் எதையும் பொறுப்பேன், இதைப் பொறுக்க முடியாது. அவரிடம் பேசும் உத்தேசம் எனக்கு இல்லை, ஆனால் தவறான தகவலை ஒரு பாறையின் முன்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. நானும் கல்லைப் பார்த்துச் சொன்னேன்.

"ஆயிரம் இல்லைன்னு அவர்கிட்ட சொல்லு. பல பத்துக் கோடி வருஷம். கடலுக்கு அடியில படிஞ்சது."

"கடலா? இங்கயா? கல்லு, அவரு பொய் சொல்றாரான்னு கேளு."

பொய்யா! விளக்கத்துக்கு வசதியாக ஒரு படி இறங்க நேர்ந்தது, அங்கேதான் படிவு அடுக்குகள் நன்றாகத் தெரிந்தன. அடுத்து, இது வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பா என்று கேட்டார். மூலப்பொருள் அதுதான், சுட்டுத் தண்ணீர் விட வேண்டும் என்றேன். ஒரு படி. அப்படியானால் மழை பெய்தால் கரையாதா என்றார். அதுதானே விஷயம், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது லேசான அமிலமாகிறது, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது, தின்ற இடம்தான் குகை என்றேன். இரண்டு படி. தொங்குவதெல்லாம் என்ன என்றார். ஒரு விரற்கடை வளர ஒரு தலைமுறை போதாது என்றேன். அவருடைய அறியாமைக்கு அளவே இல்லை. முப்பது வருடமாகப் பூமியைத் துளைக்கிறவருக்கு அடிப்படைகூடத் தெரியவில்லை. கடைசிப் படியில் எனக்குக் கோபத்தில் நன்றாக மூச்சு வந்தது.

கீழே உண்மையாகவே அகலம். எங்களைக் காணாமல் சுக்மதி திரும்பி வந்துகொண்டிருந்தாள். இரண்டு ஆண்கள் பாறையைப் பார்த்து மாறி மாறி ஏதோ சொல்வதைக் கண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாள். புது ஜோடியும் கைகூப்பியது. இது பிரார்த்தனை இல்லை என்று இந்தியில் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். நான் மட்டும் கையைத் தொங்கப்போட்டு நின்றால் நன்றாக இருக்காது. கும்பிட்டேன்.

ஒரு குட்டையில் கண் இல்லாத மீன்களைக் காட்டினாள். எனக்குத் தெரிந்ததைப் பக்கத்திலிருந்த கல்தூணிடம் சொன்னேன்: தலைமுறை தலைமுறையாக இருட்டிலேயே இருந்ததால் கண்ணுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

"பாக்காமயே இருந்தா கண்ணு போயிருமுங்களா," என்றார் அந்த மனிதர் தூணிடம். கொஞ்ச நேரம் மீனையே பார்த்தார். "அப்ப பேசாமயே இருந்தா வாயும் போயிருமான்னு அவரக் கேளுங்."

அது பாடத்திட்டத்தில் இல்லை.

கடைசியில் எல்லா விளக்கையும் அணைத்து ஒரு நிமிடம் இருட்டைப் பார்ப்பது அங்கே வழக்கமாம். எனக்குச் சொல்லியிருந்தால் காய்ச்சல் என்றிருப்பேன். சுக்மதி எண்ணினாள், அணைத்தாள். கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தேன். கை இல்லை. முகமும் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது விழவே இல்லை.

அப்போது என் காதுக்குப் பக்கத்தில், மிகத் தணிந்து: "கல்லு. எனக்கும் பயமாத்தான் இருக்குது. முப்பது வருசமாக் குழிக்குள்ள எட்டிப் பாக்கறேன். உள்ள எறங்குனது இன்னைக்குத்தான்."

விளக்கு எரிந்தபோது ஒரு கை இன்னொரு மணிக்கட்டைப் பிடித்திருந்தது. யார் யாரைப் பிடித்தார்கள் என்பது இருட்டில் நடந்த விஷயம், சாட்சி இல்லை. பிடித்திருந்த கையில் என்னுடைய கடிகாரம் இருந்தது என்பதை மட்டும் நேர்மைக்காகக் குறித்து வைக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

நேற்று குகையிலிருந்து வெளியே வந்ததும் பெண்கள் இருவரும் ஓடி வந்து பேசினீர்களா என்று கேட்டார்கள். தமயந்தியின் முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. இல்லை என்று இருவரும் சொன்னோம். அது உண்மை. அவர் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை, நான் அவரிடம் ஒரு சொல் பேசவில்லை. வெயிலில் கல்லும் இல்லை. ஜீப்பில் அவர் இடது ஜன்னலைப் பார்த்தார், நான் வலது.

இறங்கும்போது சுக்மதி அவரிடம் ஏதோ கேட்டாள். உங்கள் ஊரில் கல்லோடு பேசுவது எந்தப் பண்டிகையில் என்று கேட்டாளாம். வருடம் முழுக்க என்று, ரிக் ஆட்களிடம் பழகிய இந்தியில் சொல்லிவிட்டார்.

தமயந்தி கடலைப் பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். அவள் எதையும் எறிகிறவள் இல்லை.

டிசம்பர் 22, திங்கள்

திரும்பும் ரயில். காலையில் அந்த மனிதர் சுகந்தியிடம், மாமாவுக்கு இட்லி சூடாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார். நான் தமயந்தியிடம், பரவாயில்லை என்று சொல்லச் சொன்னேன். சுகந்தி டிபன் பெட்டியைப் படாரென்று மூடினாள்.

"மாமா, உங்ககிட்ட நேராவே கேக்கறேன். எங்க கிரகப்பிரவேசப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பாத்தது யாருங்?"

"சுகந்தி, உடு" என்றார் அந்த மனிதர்.

"பதினோரு வருசமா உட்டாச்சு. மாமா, ப்ரூஃப் உங்க காலேஜுக்குத்தான் வந்துச்சு. உங்க பட்டமெல்லாம் எந்த வரிசையில போடறதுன்னு இவருக்குத் தெரியல. தப்பாப் போட்டா நீங்க வருத்தப்படுவீங்கன்னு, உங்க பேருக்குப் பின்னால எடம் உட்டு, நீங்களே எழுதிக்குவீங்கன்னு அனுப்பி வெச்சாரு. நீங்க என்ன பண்ணுனீங்?"

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. அப்படித்தான் சொன்னேன்.

"அந்தத் தாள் எங்க பீரோவுல இருக்குது. காட்டலாம்னு நான் நூறு தடவ சொல்லிட்டேன். வேண்டாம்ங்கறாரு. காட்டுனா சகலைக்குச் சங்கடமாப் போயிரும், கோவமா இருந்தாலும் தேவல, சங்கடப்பட வேண்டாம்ங்கறாரு."

அந்த மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லை, சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றேன். காற்றுக்காக.

இட்லி ஆறிவிட்டது.

டிசம்பர் 24, புதன்

வீடு. துணி ஊறப்போட்டாயிற்று. சுகந்தி அந்தத் தாளைப் படம் எடுத்துத் தமயந்தியின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். தமயந்தி போனை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை மை. பச்சை மையில் எழுதுகிறவர்கள் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். ஏழு எழுத்துப் பிழைகள் திருத்தப்பட்டிருக்கின்றன, ஏழும் சரியான திருத்தங்கள். 'நல்வரவை நாடும்' பட்டியலில் ஒரு பெயருக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அச்சகத்தின் கவனக்குறைவு என்று கருதி, இடைவெளியை மூடும்படி யாரோ அழகாகக் குறி போட்டிருக்கிறார்கள். கீழே: 'பார்த்தேன். அச்சிடலாம்.' அதற்குக் கீழே கையெழுத்து, அடைப்புக்குள் முழுப் பெயர், எம்.எஸ்ஸி., எம்.ஃபில்., பிஎச்.டி.

மூன்றும் இருந்தன. வரிசைகூடச் சரி.

பதினோரு வருடமாக இந்தத் தாள் ஒரு பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது. அந்தக் காதுகுத்து வீட்டு நாற்பது பேரிடம் இதை நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். தேங்காயை மறந்திருப்பார்கள்.

மோர் வேண்டாம் என்றேன். தமயந்தி ஊற்றினாள்.

டிசம்பர் 25, வியாழன்

விடுமுறை. நித்திலாவின் அழைப்பிதழ் வாசகத்தை உட்கார்ந்து எழுதினேன். என் பெயருக்குப் பின்னால் எதுவும் போடவில்லை. வரி நீண்டுவிடுகிறது, பார்க்க நன்றாக இல்லை. அடுத்த வரியில் சித்தப்பா அர்த்தநாரி, திருச்செங்கோடு. பெயருக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ரிக் உரிமையாளர் என்றோ வேறு எதுவோ, அவர் விரும்பியதை எழுதிக்கொள்ளட்டும். அந்த இடத்தை யாராவது மூடினால் அச்சகத்தை மாற்றிவிடுவேன்.

நித்திலா போன் செய்தாள். "சித்தப்பாகிட்ட பேசினீங்களாப்பா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். இன்னும் என்ற சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. குகை எப்படி இருந்தது என்று கேட்டாள். நான் போயிருந்தபோது என்று தொடங்கினேன். இருமல் வந்தது. வௌவால் எச்சம்தான், முன்பே சொன்னேன்.

டிசம்பர் 26, வெள்ளி

அச்சகத்தில் வாசகத்தைக் கொடுத்து ப்ரூஃப் எடுத்துக்கொண்டு, அச்சிடத் திங்கள் வரை தவணை வாங்கிவிட்டேன். ப்ரூஃப் ஒருவர் பார்க்க வேண்டியிருக்கிறது, அவர் பார்க்காமல் அச்சிட முடியாது என்றேன். "யாருங்க சார், பெரிய படிப்பாளியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இந்த நோட்டை நகல் எடுக்கப்போவதில்லை. மனைவி வழிச் சொந்தத்தில் என்னை முசுடு என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், அத்தனை வீட்டுக்கும் அனுப்ப உறை போதாது. பத்தொன்பதாம் தேதி காலைப் பத்தியைக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. தெரிந்த ஆளுக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது? ஐம்பத்தெட்டுச் சுரங்கத்திலும் செருப்பைத் தேடிய ஆள்.

நோட்டையும் ப்ரூஃபையும் ஒரே உறையில் போட்டு, திருச்செங்கோட்டு முகவரி எழுதி, ஸ்பீட் போஸ்டில் இன்றே அனுப்பப்போகிறேன். இதைப் பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. கல்லிடம் சொன்னது பேச்சில் சேராதென்றால் காகிதத்தில் எழுதியதும் சேராது. யார் முதலில் வாயைத் திறந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சகலைக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசற்படியில் ஒரு கல்லை எடுத்து வைக்கவும். ரிக் வண்டியடியில் எத்தனையோ கிடக்கும், எதுவானாலும் சரி. தட்டோடு வருகிறவர் முதலில் அதனிடம் சொல்லிக்கொள்வார். பிறகு நடப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தடவை அவர் பந்தியில் உட்காராமல் போவதாக இல்லை.

கீழே பெயர் எழுதப்போவதில்லை. அனுப்புநர் என்ற இடத்தையும் வெறுமையாகவே விடுகிறேன். கையெழுத்தும் கிடையாது. ஒரு தடவை போட்டது போதும்.